தொலைவில் தெரியும் உருவம்

அரவேணுவுக்கு அருகே வீழும் கேத்தரின் அருவியை முழுமையாகக் காண விரும்புவோர் அரவேணுவில் நிற்பதில்லை. பள்ளத்தாக்குக்கு அப்பால், குன்னூர்ப் பக்கம் உள்ள டால்பின் மூக்கு என்னும் பாறை முனைக்குச் சென்று அங்கிருந்தே அதனைக் காண்கின்றனர். அவ்விடத்திலிருந்து நோக்கினால், பச்சை மலைமீது தொங்கவிட்ட வெள்ளை நூல்போல் அருவி அசைவற்றுத் தோன்றும். அதன் இரைச்சல் அங்கே கேட்பதில்லை. நீர் மோதித் தேய்த்த பாறைகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொலைவிலிருந்து காண்பதும் அருகிருந்து அறிவதும் வேறு வேறு என்பதற்கு மலைவாழ் மக்களாகிய நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை. மனிதரைக் காண்பதிலும் இவ்வேறுபாடு உண்டு. திரைத்தாரகைகள் என்று உலகம் போற்றுவோரைக் காண்பதில் அது மிகுதியாகவே உண்டு. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிக் காண இங்கே முற்படுகின்றோம். அவர் பெயர் விவியன் லீ. அவரைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. மழலைப் பருவத்தில் அவர் நம் உதகையில் வாழ்ந்தவர். கத்தோலிக்கத் தாயின் மடியில் வளர்ந்தவர். இது முதற்காரணம். அவரை வாட்டிய நோய் நம் இல்லங்களிலும் உண்டு. எனினும் அதைப் பற்றி நாம் வாய்திறந்து பேசுவதில்லை. இது இரண்டாவது காரணம்.

விவியன் மேரி ஹார்ட்லி என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். 1913ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் பிறந்தார். தந்தை எர்னஸ்ட் ஹார்ட்லி கல்கத்தாவில் தரகுத் தொழில் செய்தவர். தாய் கெர்ட்ரூட் கத்தோலிக்க நம்பிக்கையில் ஆழ வேரூன்றியவர். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், தந்தை இந்தியக் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். தாயும் மகளும் உதகமண்டலத்தில் தங்கினர். தேயிலை மலையில் பிறந்த குழந்தை இவ்வாறு மற்றொரு தேயிலை மலைக்கு வந்து சேர்ந்தது. தாயார் பங்குகொண்ட பயில்முறை நாடகக் குழுவின் மேடையில், மூன்று வயதில், ஆங்கிலக் குழந்தைப் பாடல் ஒன்றை ஒப்புவித்ததே விவியனின் முதல் மேடையேற்றம் என்பர்.

1920இல், ஆறு வயதில், அவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இலண்டனை அடுத்த ரோஹாம்ப்டனில் திருஇருதயச் சபைக் கன்னியர் நடத்திய பள்ளி விடுதியில் மகளைச் சேர்த்துவிட்டுத் தாய் இந்தியாவுக்குத் திரும்பினார். பிரிவினால் வாடிய சிறுமிக்கு ஆறுதலாக, ஒரு பூனைக்குட்டியை உடன் வைத்துக்கொள்ள அருட்சகோதரியர் இசைவளித்தனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நம் மலையின் விடுதிப் பள்ளி வாயில்களில் ஜூன் மாதந்தோறும் கண்ணீர் சிந்தும் குழந்தைகளைக் கண்டிருப்போருக்கு இச்செய்தியின் கனம் விளங்கும். அப்பள்ளியில் அவருக்குத் தோழியாக வாய்த்தவர் மௌரீன் ஓ'சல்லிவன். பின்னாளில் டார்ஜான் படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் இவரே. தாம் பெரிய நடிகையாக வேண்டும் என்னும் தம் ஆவலை விவியன் முதன்முதலில் வெளியிட்டது இத்தோழியிடந்தான்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பயின்றபின் 1931இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டில், தம்மினும் பதின்மூன்று வயது மூத்த வழக்கறிஞர் லீ ஹோல்மனை மணந்தார். 1933இல் சுசான் என்னும் மகள் பிறந்தாள். கணவரின் பெயரிலிருந்து ‘லீ’ என்பதை எடுத்துக்கொண்டு மேடைக்கும் திரைக்கும் வந்த அவருக்கு, 1935இல் நடித்த ஒரு நாடகம் ஒரே இரவில் பெரும்பெயர் ஈட்டித் தந்தது.

அடுத்து வந்தது உலகப்புகழ். ‘கான் வித் தி விண்ட்’ என்னும் புதினத்தைப் படமாக்க முனைந்த டேவிட் செல்ஸ்னிக், கதைத்தலைவி ஸ்கார்லெட்டாக நடிக்க ஏற்றவரைத் தேடி இரண்டாண்டுகளுக்கு மேல் அலைந்தார். அமெரிக்காவின் தென்மாநிலப் பெண் ஒருத்தியின் வேடம் அது. இறுதியில் அது வாய்த்ததோ, டார்ஜிலிங்கில் பிறந்து உதகையில் மழலை பேசிய ஒருவருக்கு. படப்பிடிப்பில் அவர் 125 நாள்கள் உழைத்தார். பெற்ற ஊதியம் ஏறத்தாழ 25,000 டாலர். உடன் நடித்த கிளார்க் கேபிள் 71 நாள்கள் பணிசெய்து 1,20,000 டாலருக்கு மேல் பெற்றார். படம் 1939 டிசம்பரில் வெளிவந்தது. 1940 பிப்ரவரியில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது விவியனுக்கு வழங்கப்பட்டது.

அதே படத்தில் செவிலித்தாயாக நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியலும் அன்று விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும், அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சிக்கு இனப்பாகுபாட்டுச் சட்டத்தால் அவரால் செல்ல இயலவில்லை. விருது விழாவிலும் அவருக்கெனத் தனியே ஓர் ஓரத்தில் மேசை இடப்பட்டிருந்தது. திரையில் அருகே வைத்துப் போற்றியவரை வாழ்க்கையில் தள்ளி அமர்த்தியது அன்றைய உலகம்.

விவியனின் இல்லறம் இதற்குள் முறிந்திருந்தது. உடன் நடித்த லாரன்ஸ் ஒலிவியர்மீது காதல்கொண்டு, கணவரையும் மகளையும் பிரிந்து, 1940 ஆகஸ்டு 31இல் அவரை மணந்தார். மகள் தந்தையின் பொறுப்பில், பாட்டி கெர்ட்ரூடின் துணையோடு வளர்ந்தாள். திருமணம் பிரிக்கவொண்ணாத அருளடையாளம் என்னும் திருச்சபையின் போதனையில் ஊன்றி நிற்கும் நமக்கு இது உவப்பான செய்தியன்று. அதை மறைத்துச் சொல்லவும் வேண்டியதில்லை. அதே வேளையில், கல்லெறிய நின்ற கூட்டத்தின் நடுவே குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்த ஆண்டவரின் மௌனத்தையும் நாம் மறப்பதற்கில்லை. நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது அவருடைய பிழைகளையல்ல, அவர் சுமந்த சிலுவையை.

அச்சிலுவை இரு நோய்களால் ஆனது. 1943இல் வட ஆப்பிரிக்காவில் போர்வீரர்களுக்காகக் கலைநிகழ்ச்சிகள் நடத்திவிட்டுத் திரும்பியபின் அவருக்கு இருமல் நீங்கவில்லை. நாளடைவில் நுரையீரலில் காசநோய் பற்றியிருப்பது தெரியவந்தது. 1944இல், ‘சீசர் அண்ட் கிளியோபாட்ரா’ படப்பிடிப்பின்போது கருவுற்றிருந்த அவருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. அதன்பின் அவர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தார். சில காலம் அளவிறந்த எழுச்சியும், சில காலம் அளவிறந்த தளர்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் அவரைப் பற்றியிருந்தது. எழுச்சியின் நாள்களில் உறக்கமின்றி, ஓயாத பேச்சும் கட்டுக்கடங்காத சினமுமாக இருப்பார். அது தணிந்தபின், நடந்தவை பலவும் அவருடைய நினைவில் இரா. பிறர் சொல்லக் கேட்டு வெட்கி, தம்மால் புண்பட்டோரிடம் வருந்துவார். தம் உண்மை நிலையைப் பிறர் எவரும் அறியாவண்ணம் மறைத்துவிடும் கூர்மை நோயின் நடுவிலும் அவருக்கு இருந்தது என்று ஒலிவியர் 1982இல் வெளியிட்ட தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். தம் ஒருவரிடம் மட்டுமே அவர் அதை மறைக்க முயலவில்லை என்றும் அவர் கூறுகின்றார்.

இவ்விரு நோய்களுள் ஒன்றை வெளியே சொல்ல முடிந்தது. மற்றொன்றைச் சொல்ல முடியவில்லை. நுரையீரல் நலிவுற்றால் அது நோய். மனம் நலிவுற்றாலோ, அது குணக்கேடு என்றும் நடிகைக்குரிய அகந்தை என்றும் கொள்ளப்பட்டது. நம்மிடையே மட்டும் நிலைமை வேறா? ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் சொல்லை நம் வீடுகளில் எத்தனை வகை நோய்களுக்குப் போர்வையாகப் போர்த்தியிருக்கின்றோம்!

1949இல் இலண்டன் மேடையிலும், 1951இல் திரையிலும், ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ என்னும் நாடகத்தின் தலைவி பிளாஞ்சாக அவர் நடித்தார். வாழ்வில் அனைத்தையும் இழந்து, அறிவு கலங்கி, இறுதியில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்ணின் வேடம் அது. இலண்டனில் மட்டும் அந்நாடகம் 326 முறை அரங்கேறியது. இரவுதோறும் கலங்கிய மனத்தைக் கலங்கும் மனத்தோடே நடித்துக் காட்டினார். படத்திற்காக இரண்டாம் முறையும் ஆஸ்கர் விருது கிடைத்தது. பிளாஞ்சையும் தம்மையும் வேறுபடுத்திக் காண்பது பின்னாளில் தமக்கு அரிதாயிற்று என்று அவரே சொன்னதுண்டு. அவையோர் கண்டு கைதட்டியது நடிப்பை. அதற்கு அவர் தந்த விலையை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

இனி வருவது நம் மலைமக்களுக்கு மிகவும் நெருக்கமான பகுதி. 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ‘எலிஃபண்ட் வாக்’ என்னும் படத்தில் நடிப்பதற்காக விவியன் இலங்கைக்கு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரை மணந்து, இங்கிலாந்திலிருந்து தோட்டத்து மாளிகைக்கு வந்து சேரும் இளம்பெண்ணின் கதை அது. பசுந்தேயிலைச் சரிவுகளின் நடுவே படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நோய் முற்றியது. உறக்கம் அறவே நீங்கியது. எஞ்சிய காட்சிகளை எடுப்பதற்காக ஹாலிவுட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், அங்கே முற்றிலும் நிலைகுலைந்தார். ஒலிவியர் விரைந்து சென்று அவரை இங்கிலாந்துக்குக் கொணர்ந்து, சர்ரே பகுதியிலுள்ள நெதர்ன் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்.

படத்தை எடுத்தோர் அவருக்கு மாற்றாக எலிசபெத் டெய்லரை நடிக்கச் செய்து, 1954இல் படத்தை வெளியிட்டனர். ஆனால், இலங்கையில் எடுத்த காட்சிகளை மீண்டும் எடுப்பதற்குப் பெரும்பொருள் செலவாகும். ஆகவே, முகம் தெளிவாகத் தெரியாத தூரக் காட்சிகள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டனர். இன்றும் அப்படத்தைப் பார்ப்போர் அருகில் காண்பது எலிசபெத் டெய்லரை. தொலைவில் சிறிய உருவமாக நடந்து செல்பவர் விவியன் லீ. நோயுற்றவர் படத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் முழுதும் நீக்கப்படவில்லை. யாரென்று கேட்பார் இல்லாத தொலைவில் அவர் விடப்பட்டார். மனநோயுற்றோரை நம் சமுதாயம் எங்கே வைத்திருக்கின்றது என்பதற்கு இதனினும் பொருத்தமான உவமையை நாம் அறியோம்.

அப்படத்தில் தொலைவில் நிறுத்தப்பட்டோர் வேறு சிலரும் உண்டு. படம் எடுக்கப்பட்ட நாளில், இலங்கை மலைகளில் கொழுந்து பறித்த தமிழர் பல இலட்சம் பேர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றனர். 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவுசெய்தது. தாயகம் திரும்பியோரின் வாழ்வுக்காக 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவர்களும் அவர்தம் மக்களும் இன்று நம் பங்குகளில் நம்மோடு திருப்பலியில் பங்கேற்கின்றனர். பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்தம் உள்ளத்தில் தங்கிய காயங்களுக்கும் எந்த மருத்துவரும் பெயரிடவில்லை.

அப்படத்தின் கதையிலேயே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கின்றது. கதைத்தலைவனின் தந்தை, யானைகள் காலங்காலமாக நீர்தேடிச் செல்லும் பாதையின் குறுக்கே பிடிவாதமாக மாளிகை எழுப்புகின்றார். ஆண்டுதோறும் யானைகள் வருகின்றன, ஆண்டுதோறும் விரட்டப்படுகின்றன. இறுதியில் ஒருநாள் மதிலை உடைத்து உட்புகுந்து மாளிகையையே அழிக்கின்றன. பலாப் பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனைச் சரிவுகளில் யானைகள் நடமாடுவதை அறிந்த நமக்கு இது கதையன்று. யானையின் பாதையை இல்லையென்று சொல்லி வீடு கட்டினால் யானை வராமல் இராது. இங்கே பாதை உண்டு, இன்ன காலத்தில் யானை வரும், அப்போது இன்னது செய்யவேண்டும் என்று ஒத்துக்கொண்டு வாழ்வோரே இம்மலையில் அச்சமின்றி வாழ்கின்றனர். மனநோயும் அவ்வாறே. குடும்பப் பெயருக்கு அஞ்சி இல்லையென்று மறைத்த நோய் மதிலை உடைத்துக்கொண்டுதான் வருகின்றது.

எங்கள் இல்லத்தில் இதை நாங்கள் கண்டதுண்டு. எங்கள் சித்தி, அரவேணுவைச் சூழ்ந்த சிறு தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர். ஆலயப் பாடற்குழுவில் முதற்குரல் அவருடையதே. ஓர் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், சேமித்த பணம் அனைத்திற்கும் சேலைகள் வாங்கி, அறிந்தோர் அறியாதோர் அனைவருக்கும் வாரி வழங்கினார். மூன்று இரவுகள் உறங்காமல் பாடினார். விழா முடிந்தபின் சுவரை நோக்கிப் படுத்தவர் தவக்காலம் வரை எழவில்லை. பேய் என்றார் ஒருவர். செய்வினை என்றார் மற்றொருவர். தொலைவிலுள்ள செபக்கூடம் ஒன்றில் நாற்பது நாள் வைத்திருந்தனர். மெலிந்து திரும்பினார். பின்னர், பக்கத்து வீட்டில் குடியிருந்த செவிலி ஒருவரின் அறிவுரையால் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரையும் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் இன்றளவும் தொடர்கின்றன. நோய் இரண்டு முறை திரும்பி வந்தது. வந்ததை உடனே இனங்கண்டு மருத்துவரிடம் சென்றோம். ஒருநாள் சித்தி எங்களைக் கேட்டார்: “ஊரில் எல்லாருடைய நோயையும் உரக்கப் பேசுகிறீர்கள், என்னுடையதைப் பேசும்போது மட்டும் ஏன் குரலைத் தாழ்த்துகிறீர்கள்?” அவருடைய இசைவோடுதான் இங்கே குரலைத் தாழ்த்தாமல் எழுதுகின்றோம்.

சித்தி உட்கொள்ளும் மருந்து லித்தியம் என்னும் எளிய உப்பு. அதன் வரலாறு விவியனின் வரலாற்றோடு வியப்புக்குரிய வகையில் ஓரிடத்தில் நெருங்கி வருகின்றது. 1948இல் ஒலிவியரும் விவியனும் தம் நாடகக் குழுவோடு ஆஸ்திரேலியா சென்று, மெல்பர்ன் உள்ளிட்ட நகரங்களில் நடித்தனர். அதே 1948இல், மெல்பர்னுக்கு அருகே புண்டூரா மருத்துவமனையில், ஜான் கேட் என்னும் மருத்துவர் மன எழுச்சி நோயுற்றோர்க்கு முதன்முதலாக லித்தியம் கொடுத்து, அவர்கள் தெளிவடைவதைக் கண்டார். தம் ஆய்வை 1949இல் வெளியிட்டார். ஆயினும் அம்மருந்து பரவலாக வழக்கிற்கு வர நெடுங்காலம் சென்றது; அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது 1970இல்தான். மருந்து பிறந்த நகரத்தின் மேடையில் விவியன் நின்றார். மருந்தோ அவரை எட்டவில்லை. அவருக்குக் கிடைத்தவை, அந்நாளைய முறையில் மூளைக்கு மின்னதிர்ச்சி அளிக்கும் சிகிச்சையும் பிறவுமே.

இருப்பினும், ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் அவர் எழுந்து நின்றார் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். 1953 மார்ச்சில் மனநல மருத்துவமனையில் இருந்தவர், அவ்வாண்டு முடியுமுன் மீண்டும் மேடையேறினார். 1955இல் ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களில் நடித்தார். 1957இல், இலண்டனின் பழமைவாய்ந்த செயின்ட் ஜேம்ஸ் அரங்கு இடிக்கப்படுவதை எதிர்த்து, பிரபுக்கள் அவையின் பார்வையாளர் பகுதியிலேயே எழுந்து முழங்கினார். 1960இல் ஒலிவியருடனான மணவாழ்வும் முறிந்தது. அதன்பின்னும் 1963இல் அமெரிக்க மேடையின் டோனி விருதைப் பெற்றார். 1965இல் ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ என்னும் படத்தில் நடித்தார். நோயுற்றவர் நோய் மட்டுமே அல்லர். அவருக்குள் உழைப்பும் திறமையும் நட்பும் நகைச்சுவையும் அன்புசெய்யும் ஆற்றலும் உயிரோடிருக்கின்றன.

1967இல் காசநோய் திரும்பிவந்தது. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் இரவு, தம் 53ஆம் வயதில், இலண்டனில் தம் இல்லத்தில் காலமானார். மறுநாள் இலண்டன் நாடக அரங்குகளின் முகப்பு விளக்குகள் ஒரு மணி நேரம் அணைக்கப்பட்டன. கடோகன் தெருவிலுள்ள தூய மரியா கத்தோலிக்க ஆலயத்தில் அவருக்காக இறுதி வழிபாடு நடைபெற்றது. உதகைக் குளிரில் தாய் மடியில் தொடங்கிய பயணம் அத்தாயின் திருச்சபையின் வழிபாட்டோடு நிறைவுற்றது.

மனநோயை மறைக்கவேண்டிய இழிவாகக் கருதும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, நாம் அனைவரும் அன்புசெய்யும் ஒரு புனிதையின் குடும்பத்தை நினைவூட்ட விரும்புகின்றோம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள், விவியனைப் போலவே, காசநோயால் இறந்தவர். 1897இல், தம் 24ஆம் வயதில். ஆனால், அவருடைய தந்தை லூயி மார்ட்டின் அறிவு தடுமாறி, 1889 முதல் மூன்றாண்டுகள் கான் நகரின் மனநல மருத்துவமனையில் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மகள் மடம் புகுந்ததால்தான் தந்தைக்கு இந்நிலை வந்தது என்று லிசியே நகரத்தார் வம்பு பேசினர். தெரேசாளோ தந்தையின் மறைக்கப்பட்ட முகத்தில் பாடுகளின் இயேசுவின் திருமுகத்தைக் கண்டார். அந்த லூயி மார்ட்டினும் அவர்தம் துணைவி செலியும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். மனநல மருத்துவமனையில் இருந்த மூன்றாண்டுகள் அவருடைய புனிதத்திற்குத் தடையாகவில்லை.

பெல்ஜியம் நாட்டின் கேல் என்னும் ஊரையும் இங்கே குறிப்பிடவேண்டும். மனநோயுற்றோரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்குள்ளது. நடுக்காலத்தில் குணம் நாடி அங்கே வந்த நோயாளருக்கு ஆலயத்தில் இடம் போதாமற்போகவே, ஊர்மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டனர். அவ்வழக்கம் எழுநூறு ஆண்டுகளாகத் தொடர்கின்றது. அவர்கள் அவ்வூர்க் குடும்பங்களோடு உண்டு, வயலில் உழைத்து வாழ்ந்தனர். நோய் நீங்காதவரும் வீட்டார் என்றே மதிக்கப்பட்டனர்.

நம் தமிழ்நாட்டின் மற்றொரு நினைவு இதற்கு நேர்மாறானது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பியோட இயலவில்லை. ஆகஸ்டு 6 ஆண்டவர் உருமாறிய திருநாள். மலைமீது ஒளிவடிவான ஆண்டவர், கீழே இறங்கியதும் முதலில் யாரைச் சந்தித்தார்? நோயுற்ற தன் மகனோடு கூட்டத்தின் நடுவே கதறி நின்ற ஒரு தந்தையை. தீயிலும் நீரிலும் விழும் அம்மகனைச் சீடர்களால் குணப்படுத்த இயலவில்லை; கூட்டத்தாரோ வாதாடிக்கொண்டிருந்தனர். ஆண்டவர் சொன்னது, அவனைத் தம்மிடம் கொண்டுவரும்படி.

அருகே கொண்டுவருதல் என்பதே நாம் செய்யவேண்டியது. சட்டம் இப்போது நமக்குத் துணைநிற்கின்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்கின்றது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி தருவதையும் தடைசெய்கின்றது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் நடுவண் அரசின் தொலைபேசி வழி மனநல உதவி கிடைக்கின்றது. அவ்வெண்ணை ஆலய முகப்பின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது எளிது. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தை உடல் நலிந்தோர் பெறுவதுபோல மனம் நலிந்தோரும் பெறலாம் என்று அவர்களுக்குச் சொல்வது அதனினும் எளிது. செபம் வேண்டும், மருந்தும் வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுச் செபிக்குமாறு எவரேனும் சொன்னால், மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் ஞானநூல் கற்பிப்பதை அவருக்குப் பணிவோடு எடுத்துரைக்கலாம்.

ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் சில இருக்கைகள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஏதோ ஒரு பின்னறையில், சன்னல் சாத்திய இருளில், விருந்தினர் போகட்டும் என்று காத்திருக்கின்றனர். அவர்களைத் தேடிச்சென்று, பெயர்சொல்லி அழைத்து, கைப்பிடித்து வந்து நம்மருகே அமரச்செய்வோம். எங்கள் சித்தி இப்போது மூன்றாவது வரிசையில் அமர்கின்றார். குரல் முன்போல் உயர்வதில்லை; ஆயினும், பாடலின் எந்தச் சொல்லையும் அவர் விடுவதில்லை.